மணி அடிச்சாச்சு... பிரஷ்ஷை எடுங்க!

பள்ளிக்கூடத்தில் தினம் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும், பிள்ளைகளின் பற்களைக் காப்பாற்றிவிடலாம்!

வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் 'பல் மருத்துவ முகாம்' நடக்கும். வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர்கள் வருவார்கள். பெரிய பிளாஸ்டிக் பல் செட் ஒன்றையும், அதைவிடப் பெரிய பிரஷ் ஒன்றையும் வைத்துக்கொண்டு 'இப்படித் தேய்க்கணும், இப்படித் தேய்க்கக் கூடாது' என்று சொல்லிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று 'ஆ' காட்டுவார்கள். கடைசியில் ஆளுக்கொரு குட்டிப் பேஸ்ட், ஒரு பிரஷ். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, "அம்மா, எனக்கு ரெண்டு பல் சொத்தையாம். சீட்டு எழுதிக் கொடுத்திருக்காங்க!" என்று குரல் வரும்.

அந்தச் சீட்டு என்ன ஆகிறது? பல வீடுகளில் காலண்டர் ஆணியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. "பால் பல்தானே... எப்படியும் விழுந்து முளைக்கப் போகுது. அதுக்குப் போய் டாக்டரா?" என்று பாட்டி சொல்லுவார். அம்மாவுக்கும் அது நியாயமாகத்தான் படும். குட்டிப் பேஸ்ட் பத்து நாளில் தீர்ந்துவிடும். முகாமில் கற்றுக்கொண்ட பாடமும் அதோடு சரி!

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஐந்து வயதுப் பிள்ளைகளில் 51.9 சதவீதம் பேருக்கும், பன்னிரண்டு வயதில் 53.8 சதவீதம் பேருக்கும் சொத்தைப் பல் இருந்தது. அதாவது, வகுப்பில் பாதிப் பேர்! பெஞ்சில் நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அதில் இரண்டு பேர் வாயில் சொத்தை என்று அர்த்தம்.

'பால் பல்தானே' என்று விடலாமா?

கூடாது. பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும். ஆனால் பின்னால் இருக்கும் கடைவாய்ப் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தையான பல்லோடு இன்னும் ஐந்தாறு வருஷம் அந்தப் பிள்ளை குடித்தனம் நடத்த வேண்டுமா, சொல்லுங்கள்!

பால் பல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் காலத்துக்கு முன்பே பிடுங்க வேண்டி வந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். புதுப் பல் கோணலாக முளைக்கும். சொத்தை வேர் வரைக்கும் போய்ச் சீழ் வைத்தால், அடியில் இருக்கும் புதுப் பல்லின் எனாமலும் பாதிக்கப்படலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று. ஆறு வயது வாக்கில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் சத்தமில்லாமல் நாலு பற்கள் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. இவற்றுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் அம்மாக்கள் இவற்றையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இவைதான் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள். ஆயுசுக்கும் உழைக்க வேண்டியவை. மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் முதலில் சொத்தையாவதும் இவைதான்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்றைக்கே வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

சொத்தை எப்படி வருகிறது?

பல்லின் மேல் மெல்லிய பசை மாதிரி ஒரு படலம் படிகிறது. அதில் கிருமிகள் குடியிருக்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையை அவையும் சாப்பிட்டு அமிலமாக்கிவிடுகின்றன. மனித உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும் வல்லமை அந்த அமிலத்துக்கு உண்டு. ஒருமுறை இனிப்புச் சாப்பிட்டால் அந்த அமிலம் அடங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகு எச்சில் மெதுவாக ரிப்பேர் வேலையைத் தொடங்கும்.

அதனால் எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்றால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே இனிப்பை மிட்டாய்களாக்கி எட்டு மணிக்கு ஒன்று, இடைவேளையில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று என்று வாயில் போட்டுக்கொண்டே இருந்தால், எச்சிலுக்கு ரிப்பேர் செய்ய நேரமே கிடைக்காது!

கேட்டால் போதுமா?

'இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதுமே' என்று தோன்றும். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2013-ல் இதைத்தான் அலசியது. தொடக்கப் பள்ளிகளில் பல் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்துப் பிள்ளைகளின் பழக்கத்தை மாற்றப் பார்த்த நாலு ஆய்வுகளை, மொத்தம் 2,302 பிள்ளைகளைப் பற்றியவற்றை, எடுத்துக்கொண்டது. கற்றுக்கொடுத்ததால் பிள்ளைகளின் அறிவு கூடுகிறது, பல்லில் படியும் அழுக்கு கொஞ்சம் குறைகிறது என்பதற்கு ஓரளவு அடையாளம் இருந்தது. ஆனால் சொத்தை குறைகிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை!

பரீட்சையில் 'ஒரு நாளைக்கு எத்தனை முறை பல் துலக்க வேண்டும்?' என்ற கேள்விக்கு 'இரண்டு முறை' என்று எழுதி முழு மார்க் வாங்கும் பிள்ளை, அன்றைக்கு ராத்திரி பல் தேய்க்காமலே தூங்கிவிடும். நீச்சல் பற்றிப் பாடம் கேட்டால் நீச்சல் வந்துவிடுமா? தண்ணீரில் இறங்கினால்தானே வரும்!

இன்னொரு பக்கம், ஃப்ளோரைடு பேஸ்ட் பற்றிய காக்ரேன் அறிக்கை 2003-ல் வந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய எழுபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அந்தப் பேஸ்டால் புதுச் சொத்தை சுமார் 24 சதவீதம் குறைந்திருந்தது. பெரியவர்கள் கூடவே நின்று தேய்க்க வைத்த இடங்களில் பலன் இன்னும் அதிகம். ஆக, பள்ளிக்கூடம் செய்ய வேண்டிய வேலை சொற்பொழிவோடு முடிவதில்லை. அங்கேயே பிள்ளைகளைத் தேய்க்க வைக்க வேண்டும்!

ஸ்காட்லாந்தில் என்ன நடந்தது?

பிரிட்டனில் பிள்ளைகளின் பல் மோசமாக இருந்த பகுதி ஸ்காட்லாந்து. 2003-ல் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் சொத்தை தென்படாதவர்கள் 45 சதவீதம்தான். நர்சரிப் பள்ளிகளில் தினமும் ஆசிரியைகள் மேற்பார்வையில் பல் தேய்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 'சைல்டு ஸ்மைல்' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். கூடவே பெற்றோருக்கு ஆலோசனை, தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பல்லில் ஃப்ளோரைடு வார்னிஷ் பூச்சு என்று மற்ற வேலைகளும் நடந்தன.

2018-ல் சொத்தை தென்படாத பிள்ளைகள் 71 சதவீதம்! ஐந்து வயதுப் பிள்ளைகளின் பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவு 2001-க்கும் 2010-க்கும் இடையில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று கிளாஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பிரஷ்ஷுக்கும் பேஸ்டுக்கும் செலவழித்ததைப் போல் பல மடங்கு மிச்சம்!

"அது பணக்கார நாடு, நமக்கு ஒத்து வருமா?" என்று கேட்கிறீர்களா? அப்படியானால் பிலிப்பைன்ஸுக்கு வாருங்கள்.

குழாய் இல்லாத பள்ளியிலும்...

2006-ல் பிலிப்பைன்ஸ் நாடு எடுத்த கணக்கில் ஆறு வயதுப் பிள்ளைகளில் 97 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. பலருக்குச் சீழ் வைக்கும் அளவுக்கு முற்றியிருந்தது. வலியால் பள்ளிக்கு வராத பிள்ளைகள், மெல்ல முடியாமல் எடை குறைந்த பிள்ளைகள் என்று ஏகப்பட்ட பேர். அத்தனை பேருக்கும் சொத்தை அடைக்க எத்தனை பல் டாக்டர்கள் வேண்டும்? எந்த அரசாங்கத்தால் முடியும்?

அதனால் மூன்றே மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் தினமும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தினமும் எல்லோரும் சேர்ந்து ஃப்ளோரைடு பேஸ்டால் பல் தேய்க்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரை சாப்பிட வேண்டும். நடத்துவது டாக்டர் இல்லை, வகுப்பு ஆசிரியர்தான்! 'ஃபிட் ஃபார் ஸ்கூல்' என்று இதற்குப் பெயர். பொருள்களுக்கு ஆகும் செலவு ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு டாலருக்கும் குறைவு. வாஷ் பேசின் இல்லாத பள்ளிகளில் நீளமான குழாயில் வரிசையாக ஓட்டை போட்டுத் தண்ணீர் விட்டார்கள். பிள்ளைகள் பள்ளித் தோட்டத்தில் வரிசையாக நின்று தேய்த்துத் துப்பினார்கள். சில வருஷங்களிலேயே லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இது பரவிவிட்டது.

நம்ம ஊரில் முடியுமா?

தாராளமாக முடியும். சொல்லப்போனால் நம்மிடம் பாதி வேலை தயாராகவே இருக்கிறது. 1982 முதல் சத்துணவு, 2022 முதல் காலை உணவு என்று அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒரே நேரத்தில் சேர்ந்து சாப்பிடும் ஏற்பாடு இருக்கிறது. கை கழுவும் இடமும் அங்கேயே. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், மருத்துவக் குழுக்கள் பள்ளிக்கே வந்து சோதிக்கும் பட்டியலில் பல்லும் உண்டு. சென்னையில் 2023-ல் 'புன்னகை' என்ற பெயரில் பள்ளிச் சிறார் பல் பாதுகாப்புத் திட்டமும் தொடங்கப்பட்டது. சோதனை நடக்கிறது. தினசரி பழக்கம்தான் பாக்கி!

தனியார் பள்ளிகளிலும் டிபன் பாக்ஸ் திறக்கும் நேரம் எல்லோருக்கும் ஒன்றுதானே? எனவே, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அடுத்த முறை யூனிஃபார்ம் பற்றியும் வேன் பற்றியும் பேசி முடித்ததும், இதையும் ஒரு வார்த்தை எடுத்துப் போடுங்கள்.

தலைமை ஆசிரியை கேட்கக்கூடிய கேள்விகளும், நீங்கள் சொல்லக்கூடிய பதில்களும் இதோ:

"செலவு யாரு ஏத்துக்குறது?"

பட்டாணி அளவு பேஸ்ட் சுமார் கால் கிராம். பள்ளி நாட்கள் 200 என்று வைத்தால் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 50 கிராம், ஒரு சின்ன டியூப்! பருவத்துக்கு ஒன்று என்று மூன்று பிரஷ். இதைப் பெற்றோரே கொடுத்துவிடலாம். முடியாத பிள்ளைகளுக்குக் கழகம் வாங்கித் தரலாம்.

"நாற்பது பிள்ளைங்க குழாயடியில் முட்டி மோதினா பாடம் எப்போ நடத்துறது?"

குழாயடிக்கே எல்லோரும் போக வேண்டாம். பல் தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. கொப்பளித்தால் பல்லில் படிந்த ஃப்ளோரைடு கழுவிக்கொண்டு போய்விடும். மரத்தடியிலோ, சாக்கடை ஓரத்திலோ வரிசையாக நின்று துப்பலாம். பிரஷ்ஷைக் கழுவ ஒரு பக்கெட்டும் ஒரு சொம்பும் போதும். கழுவும் தண்ணீரைச் சொம்பால் ஊற்ற வேண்டும். பிரஷ்ஷைப் பக்கெட்டில் முக்கக் கூடாது. இரண்டு நிமிஷம் தேய்க்க, மீதி நேரம் வரிசைக்கு. மொத்தம் பத்து நிமிஷம்.

"ஒருத்தர் பிரஷ்ஷை இன்னொருத்தர் எடுத்துட்டா?"

ஒவ்வொரு பிரஷ்ஷிலும் பேர் எழுதி, ஒன்றையொன்று தொடாதபடி தலைகீழாக இல்லாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஓட்டை போட்ட மரப்பலகை ஒன்று போதும். காற்றோட்டமாகக் காய வேண்டும். பல்லியும் கரப்பானும் அண்டாதபடி வலைத்துணி போட்டு மூடலாம். ஈரத்தோடு டப்பாவில் போட்டு அடைக்கக் கூடாது.

"சாப்பிட்ட உடனே தேய்க்கலாமா?"

புளியோதரை, எலுமிச்சை சாதம் மாதிரிப் புளிப்பு உணவு சாப்பிட்டால் அரை மணி நேரம் விட்டுத் தேய்ப்பது நல்லது. பிள்ளைகள் விளையாடிவிட்டு வரட்டும். மத்தியான முதல் மணி அடித்ததும் பிரஷ்ஷை எடுக்கட்டும்.

ஃப்ளோரைடு - ஒரு எச்சரிக்கை

பேஸ்ட் வாங்கும்போது படத்தில் இருக்கும் கார்ட்டூனைப் பார்க்காமல் பின்னால் உள்ள எழுத்தைப் படியுங்கள். ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். என்று இருந்தால் நல்லது. சிறுவர்களுக்கான சில பேஸ்ட்களில் பாதி அளவுதான் இருக்கும். சிலவற்றில் அறவே இருக்காது. மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவது போலப் பிரஷ் முழுக்க வளைத்து வளைத்து வைக்கக் கூடாது!

தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். அளவுக்கு மீறினால் பல்லில் பழுப்புக் கறை விழும், எலும்பும் பாதிக்கப்படும். அங்கே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். இந்தப் பகுதிகளில் போர் தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளுக்கு எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்பதைப் பல் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

பிறந்த நாள் சாக்லேட்!

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் மாதத்துக்கு மூன்று, நாலு பிறந்த நாள். ஒவ்வொன்றுக்கும் சாக்லேட். பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? பென்சில், ரப்பர், ஸ்டிக்கர் கொடுக்கலாமே! இடைவேளை டப்பாவில் கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, கொய்யா என்று மாற்றுங்கள். கடலை மிட்டாய் சத்தானதுதான். ஆனால் பல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். தனியாக இடையிடையே வேண்டாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது

* பள்ளியில் தேய்ப்பது மூன்றாவது தடவையாக இருக்கட்டும். காலை, ராத்திரி இரண்டும் வீட்டில் கட்டாயம்.

* ராத்திரி தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பல்லுக்குக் காவல் இல்லாத நேரம் அது. சர்க்கரை போட்ட பாலையும், பவுடர் கலந்த பானத்தையும் முதலில் கொடுத்து முடித்துவிட்டுப் பிறகு தேய்க்க விடுங்கள். அதன்பின் வெறும் தண்ணீர்தான்.

* ஏழு, எட்டு வயது வரை பிள்ளைக்குத் தானாக நன்றாகத் தேய்க்க வராது. "அவனே தேய்ச்சுக்குவான்" என்று விடாதீர்கள். பின்னால் நின்று, தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டு கடைவாய் வரை நீங்களே தேய்த்துவிடுங்கள்.

* ஆலும் வேலும் நம் தாத்தாக்களுக்கு உதவியிருக்கலாம். அவர்கள் காலத்தில் பிஸ்கட் பாக்கெட் இல்லை! இன்றைய தின்பண்டத்துக்கு ஃப்ளோரைடு பேஸ்ட்தான் துணை. கரி, செங்கல் தூள், உப்பு போட்டுத் தேய்த்தால் எனாமல் தேய்ந்துவிடும்.

* முகாமில் கொடுத்த சீட்டைக் காலண்டரில் செருகாதீர்கள். ஒரு மாதத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பச் சொத்தை என்றால் சின்ன அடைப்போடு முடிந்துவிடும். புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை மூடும் 'சீலன்ட்' பூச்சு பற்றியும் அப்போதே கேளுங்கள்.

விளையாடும்போது பல் விழுந்துவிட்டால்?

ஆசிரியைகள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய முதலுதவி இது. ஓடி விளையாடும்போது விழுந்து, நிரந்தரப் பல் வேரோடு கழன்றுவிட்டால் பதற வேண்டாம். பல்லைத் தேடி எடுங்கள். வேரைத் தொடாமல், வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு அலசு அலசுங்கள். தேய்த்துக் கழுவக் கூடாது. முடிந்தால் அதே குழியில் மெதுவாகப் பொருத்தி, ஒரு கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. காகிதத்தில் மடித்துப் பாக்கெட்டில் வைத்தால் வேர் உலர்ந்து போகும், பல்லும் போச்சு! ஒன்று கவனம்: விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை. பிள்ளைகள் வீட்டில் தனியாகப் பல் தேய்க்க அழுவார்கள். வகுப்பில் நாற்பது பேரோடு சேர்ந்து என்றால் போட்டி போட்டுக்கொண்டு தேய்ப்பார்கள். சாப்பிடாத பிள்ளை பந்தியில் சாப்பிடுவது போலத்தான் இதுவும். வீட்டில் பிரஷ்ஷைக் கண்டாலே ஓடும் வாண்டு, "மிஸ் சொன்னாங்க, ராத்திரியும் தேய்க்கணுமாம்" என்று உங்களையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அப்போது நீங்களும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். அப்பாவும்தான்!